அரசமரத்துக் கதவு

மலாய் நாட்டில், செனாயில் எங்கள் வீட்டிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு காலடி எடுத்து வைத்தால் பிள்ளையார் கோயில். அங்குள்ள அரசமரத்தை நூற்றெட்டு முறை சுற்றுவதாக என் மனைவி வேண்டிக்கொண்டாள். மகளுக்கு இரண்டு கர்ப்பம் கலைந்து, மூன்றாவது ஏழாம் மாதம் வரை வந்திருந்தது. இடையில் நின்றால் முதலிலிருந்து சுற்ற வேண்டும். அவள் முழங்கால்கள் இன்னொரு நூற்றெட்டைத் தாங்கா. எண்ணுவது என் வேலை.

விளக்கு வைக்கும் நேரம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மரத்தைத் தொட்டாள். அறுபத்து மூன்றாவது சுற்றில் அவள் கை பட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே, பாசி பிடித்த பட்டையில், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம் தூக்கிக்கொண்டது. மூடி. உள்ளிருந்து எண்ணெய் தடவியதுபோல் கறுத்துக் கொழுத்த நான்கு கால்கள் நீண்டு, ஒரு கட்டெறும்பை உள்ளே இழுத்தன. மூடி விழுந்தது. மறுபடி வெறும் பட்டை.

கதவு வைத்து வாழும் சிலந்தி. இந்தப் பக்கத்துக் காடுகளில் மண்ணிலும் மரத்திலும் வளை கட்டும் இனமாம், பிறகு படித்தேன். அந்த மூடியின் மேலும் மஞ்சள், குங்குமம். எத்தனை பேர் அதைத் தொட்டு நெற்றியில் வைத்திருப்பார்கள் என்று எண்ணத் தொடங்கி, சுற்றை விட்டுவிட்டேன்.

"எத்தனைங்க?"

முப்பத்தாறு வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவன். "அறுபத்தி நாலு" என்றேன், கூடினால் பரவாயில்லை என்று குறைவாகவே.

"நான் அறுபத்தாறுன்னு நெனச்சேன்."

"நீ நெனைக்காத, நட."

"மூஞ்சி ஏன் கோணுது? கால்வலி எனக்குத்தான் லா."

சொன்னால் நின்றுவிடுவாள், சுவரில் பல்லியைப் பார்த்தாலே வாசலுக்கு ஓடுகிறவள். மூடியின் மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டேன். ஈர மண்ணின் பிசுபிசுப்பு. அடியில் ஒருமுறை அசைந்தது. பிறகு உள்ளிருந்து எதுவோ மூடியை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

"கைய எடுங்க. சாய வேற எடம் இல்லியா?"

"தல சுத்துது."

"சுத்துறது நானு."

கையை எடுக்கவில்லை. அவள் கொஞ்சம் மேலே தொட்டுக்கொண்டு போனாள். சந்தேகத்துக்கு இரண்டு சுற்று கூடுதலாகவே நடக்கவைத்தேன்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

மூச்சு வாங்க என் எதிரில் வந்து நின்றாள். கழுவக் குழாயடிக்குத் திரும்பியவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு நேரம் மரத்தையே புடிச்சிருந்த கை" என்று, அந்த உள்ளங்கையைத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.

இழுத்துக்கொள்ள முடியவில்லை.