அய்யாவின் பாலிசியும் ஆத்தாவின் தயிர்ப்பானையும்

இன்றைக்கு அருப்புக்கோட்டையில் ஒரு பேங்கில், ஒரே ஒரு வார்த்தை என்னை எழுபது எண்பது வருஷம் பின்னால் இழுத்துப் போட்டுவிட்டது!

பேத்தி பிரியாவும் அவள் வீட்டுக்காரர் கண்ணனும் முதல் தடவையாக வீட்டு லோன் போடுகிறார்கள். நானும் கூடப் போயிருந்தேன் (கையெழுத்துப் போட அல்ல, ஏசியில் உட்கார!).

லோனோடு இன்சூரன்ஸும் எடுக்கச் சொன்னார் ஆபீசர்.

"லோனு முடியிறதுக்குள்ள ஒருத்தருக்கு ஏதாச்சும் ஆயிட்டா, மிச்சத்த இன்சூரன்ஸே கட்டிரும். வீடு கைய விட்டுப் போகாது. யார் பேருக்குப் போடட்டும்?"

"எம்பேருக்கு மட்டும் போடுங்க சார். அவ வீட்டுல சும்மாதான் இருக்கா" என்றார் கண்ணன்.

சும்மாதான் இருக்கா.

இதே பேச்சை இதே மாதிரி ஒரு சமயத்தில் நான் கேட்டிருக்கிறேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த நேரம். பந்தல்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்.

எங்கள் அய்யா (அப்பாவை அய்யா, அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம்) நாலு ஏக்கர் கரிசலை அடமானம் வைத்து, கிணறு வெட்ட லோன் வாங்கியிருந்தார். வம்சத்திலேயே முதல் அடமானம். ஊரே துக்கம் விசாரிப்பது போல வந்து பார்த்துவிட்டுப் போனது!

அப்போதுதான் டவுனிலிருந்து சைக்கிளில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜண்ட் வந்தார்.

"அண்ணாச்சி, தவணை முடிய வருசக் கணக்காகும். நடுவுல ஒங்களுக்கு ஒண்ணுன்னா நெலம் போயிரும். ஒரு பாலிசி போட்டு வைங்க."

"நா செத்தாத்தான் பணமா?"

"ரெண்டு தினுசு இருக்கு. ஒண்ணு, செத்தா மட்டும். இன்னொண்ணு, இருந்தாலும் கடைசியில வரும். அதுக்குக் கொஞ்சம் கூடக் கட்டணும்."

"அப்ப ரெண்டாவதப் போடுங்க. நா எங்கயும் போறதா இல்ல!"

சிரித்தார்கள். ஆத்தா சிரிக்கவில்லை. கதவோரம் நின்று ஒன்று கேட்டாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணு ஆயிட்டா?"

ஏஜண்ட் தலையைச் சொறிந்தார். "பொம்பளைகளுக்குப் பிரீமியம் கூட, தாயி. பிள்ளைப்பேறு அது இதுன்னு இருக்குல்ல?"

அய்யா கையை வீசினார். "அவளுக்கு எதுக்குய்யா? அவ வீட்டுல சும்மாதான இருக்கா!"

அப்போது ஆத்தா ஏஜண்டுக்கு மூன்றாவது தடவையாக மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கிணறு வெட்டினார்கள். தண்ணீரும் வந்தது. கோடையில் எங்கள் மூன்று எருமை குடிக்கத்தான் சரியாக இருந்தது. மழையும் பொய்த்து, பருத்தி கருகிப் போனது.

ஆனால் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. ஆத்தா விடியுமுன் எழுந்து பால் கறந்து, தயிர்ப்பானையைத் தலையில் வைத்துப் பந்தல்குடிக்கு நடப்பாள். அந்தக் காசுதான் தவணை. அய்யாவின் பாலிசிக்குக் கட்டியதும் அந்தக் காசுதான்!

இரண்டாம் வருஷம் ஆத்தாவுக்கு விஷக்காய்ச்சல். ஒன்பதே நாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பிரீமியம் வாங்க அதே ஏஜண்ட் வந்தார். அவருக்குச் சேதி தெரியாது. சைக்கிளை நிறுத்தும்போதே, "தாயி, வெயிலு கொல்லுது, மோரு இருக்கா?" என்றார்.



"கடையிறவ போயிட்டாய்யா" என்றார் அய்யா.

ஏஜண்ட் தலைத்துண்டை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அய்யா கேட்டார்.

"தவணை வருது. எதுவும் குடுப்பாகளா?"

"பாலிசி ஒங்க பேருக்குல்ல அண்ணாச்சி. நீங்க நல்லாத்தான இருக்கீக."

அவர் குத்திப் பேசவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்ட அய்யாவின் முகத்தை இன்னும் நான் மறக்கவில்லை.

நான் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். ஆறாம் வகுப்புக்குப் பந்தல்குடி பள்ளிக்கூடம் போக வேண்டும். மறு வாரம் பந்தல்குடிக்குப் போகத்தான் செய்தேன், தலையில் பானையோடு. அதே பாதைதான்! பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் தயிர் விற்கப் போக வேண்டும்.

கடைசித் தவணை வரை கட்டினோம். நிலம் கையை விட்டுப் போகவில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு "ஒம்மக என்ன செய்யுது?" என்று யார் கேட்டாலும், "எம்மக தயிர் யாவாரம் பாக்குது" என்றுதான் சொல்வார் அய்யா. சும்மா இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

சரி, பேங்குக்கு வருகிறேன்.

இதையெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் தொண்டையைச் செருமுவதற்குள் பிரியா முந்திக்கொண்டாள்.

"யாருங்க சும்மா இருக்கா? வீட்டுக்குக் குடுத்த அட்வான்ஸ் எங்கிட்டு இருந்து வந்துச்சு? என் தையல் மிசின்ல தச்ச ஜாக்கெட்டுல இருந்துதான?"

கண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன் (எனக்கெதற்கு வம்பு!).

"நா படுத்துட்டா பாதி டியூவ யாரு கட்டுவா? சார், ரெண்டு பேருக்கும் போடுங்க. வேலைங்கிற எடத்துல தையல்னு எழுதுங்க."

"ஜாயிண்டா போட்டாப் பிரீமியம் கூடுமேம்மா?"

கண்ணன்தான் பதில் சொன்னார். "கூடட்டும் சார், எழுதுங்க. நா சொன்னது தப்பு."

ஆத்தா கதையை நான் பிரியாவிடம் இதுவரை சொன்னதே இல்லை. அவளாகத்தான் கேட்டாள். ஆத்தா கதவோரம் நின்று கேட்டதை, இவள் ஆபீசருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"அப்பத்தா, ஏன் கண்ணு கலங்குது?" என்றாள்.

"ஏசி காத்துடி" என்று சொல்லிச் சமாளித்தேன். (பிரியா, இதைப் படித்தால் தெரிந்துகொள், ஏசி இல்லை.)

உங்களில் வீட்டு லோன் கட்டுகிறவர்கள் எழுந்துபோய் அந்த இன்சூரன்ஸ் காகிதத்தை ஒரு தரம் எடுத்துப் பார்ப்பீர்களா? அதில் யார் பெயர் இல்லை?