முழங்காலைப் பார்க்கும் நூரிஸ்

வேன் கதவில் தொங்கியபடி காசு வசூலிக்கும் ஆளின் முன்கையையே நூரிஸ் என்கர்நாசியோன் கண்கொட்டாமல் பார்க்கிறார். அவன் இரண்டு முறை சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்கிறான். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"என்னம்மா, என்னை எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களா?"

"உன்னை யாருப்பா பார்த்தா? உன் நரம்பைப் பார்க்குறேன். எவ்ளோ நேரா, எவ்ளோ தடியா ஓடுது! பதினாலாம் நம்பர் தடி ஊசி கண்ணை மூடிக்கிட்டுக் குத்தினாலும் போயிடும்."

அவன் அடுத்த நிறுத்தம் வரைக்கும் வண்டிக்கு வெளியேதான் வருகிறான்.

கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே கதை. பெண்ணின் கழுத்தில் என்ன நகை என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். நூரிஸ் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். கடற்கரைக்குப் போனால் வருவோர் போவோரின் முழங்காலைப் பார்ப்பார். அவர் கணவர் எலிஹியோ இதற்காகவே கடற்கரைக்குப் போவதை நிறுத்திவிட்டார். "ஆம்பளைங்க முட்டியை உத்து உத்துப் பார்க்குறா. நான் என்னன்னு பதில் சொல்றது?" என்பது அவர் புகார்.

தீவின் தலைநகரான சாந்தோ தொமிங்கோவின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில், விபத்தில் சிக்கியவர்களை முதலில் கொண்டு போகும் அறையில் இருபத்தாறு வருடமாக நூரிஸ் செவிலியர். ஒரே மோட்டார் சைக்கிளில் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், ஒரு கேஸ் சிலிண்டர் என்று போகும் ஊரில் அந்த அறை காலியாக இருந்த நாள் கிடையாது. கதவின் மேல் 'ஷாக்' என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு, "எங்க ஆளுக்குக் கரண்டு எதுவும் அடிக்கலையே" என்று வாரம் ஒருவராவது கேட்பார்கள். இது கரண்டு ஷாக் அல்ல. இரத்தம் வெளியேறி, உள்ளே ஓடுவது போதாமல் போகும்போது, உடம்பு மூளையையும் இதயத்தையும் மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்றதை ஒவ்வொன்றாகக் கைவிடும் நிலை. தோலையும் கைகால்களையும் முதலில் கைவிடும். பஞ்சம் வந்தால் அரசாங்கங்களும் தலைநகரை வைத்துக்கொண்டு ஓரத்தில் இருப்பவர்களைத்தான் கைவிடுகின்றன. உடம்பையாவது மன்னிக்கலாம்.

அந்த அறையின் ஏசி மருத்துவமனை இயக்குநரின் பெருமை. வரும் அமைச்சர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். அதன் ரிமோட் காணாமல் போய் மூன்று வருடம் ஆகிறது. அது நூரிஸின் வலது பையில் இருக்கிறது என்பது இயக்குநரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இரத்தம் போகிறவனுக்குக் குளிரும் சேர்ந்தால் இரத்தம் உறையாது. "குளிர் வேணும்னா கீழ பிணவறையில போய் உட்காரச் சொல்லு" என்பார்.

இன்னொரு கெட்ட பெயரும் அவருக்கு உண்டு. தையல்காரி. அடிபட்டு வருகிறவனின் உடுப்பை ஒரு நிமிடத்துக்குள் மேலிருந்து கீழே வெட்டி எடுத்துவிடுவார். புது ஜீன்ஸ், கடன் வாங்கிய கோட்டு, மாமனார் கொடுத்த பெல்ட், எதுவும் விதிவிலக்கல்ல. "வெட்டாதீங்க, கழட்டிடறேன்" என்று கையுடைந்தவன் கெஞ்சினாலும் கத்தரி நிற்காது. உறவினர்கள் சண்டைக்கு வந்தால், "தைக்கிறவங்க மாடியில இருக்காங்க. நான் வெட்டுறவ மட்டும்தான்" என்பார்.

போன ஜனவரி இருபத்தொன்றாம் தேதி, அல்தாகிராசியா மாதா திருநாள். நாடே விடுமுறை. போதாததற்குப் பிற்பகலில் நீல அணிக்கும் மஞ்சள் அணிக்கும் பேஸ்பால் ஆட்டம். என் மைத்துனன் இடுப்பெலும்பு உடைந்து முதல் கட்டிலில் கிடந்ததால் நானும் அங்கே விசிறியும் கையுமாக இருந்தேன். இரண்டு மணிக்கு ஃபெர்மினைத் தூக்கி வந்தார்கள். மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கும் பையன், இருபத்தாறு வயது. ஒரு பெரிய ஜீப் அவனை இடித்துவிட்டு, நிற்காமல் மாதாவைப் பார்க்கப் போய்விட்டது. அதன் பின் கண்ணாடியில் மாதா படம் ஒட்டியிருந்ததாம்.

ஃபெர்மின் பேசிக்கொண்டேதான் வந்தான். வண்டியின் கைப்பிடி இடது விலாவுக்குக் கீழே குத்தியிருக்கிறது. வெளியே ஒரு கீறல், அவ்வளவுதான். அவன் கவலையெல்லாம் மஞ்சள் அணிச் சட்டையைப் பற்றி.

"சிஸ்டர், சிஸ்டர், சட்டையை வெட்டாதீங்க! இதைப் போட்டுக்கிட்டாத்தான் நாங்க ஜெயிப்போம்!"

பிறவியிலேயே நீல அணிக்காரியான நூரிஸ், "அப்படியா? அப்ப அவசியம் வெட்டணும்" என்று வெட்டினார். பிறகு கால்சட்டையையும் வெட்டினார். வெட்டிவிட்டு அவன் முழங்கால்கள் மேல் இரண்டு புறங்கைகளையும் வைத்தார். அவர் சிரிப்பு நின்றது.

அறுவை மருத்துவர் பெகெரோ மஞ்சள் அணிக்காரர். நூரிஸுக்கும் அவருக்கும் பதினெட்டு வருடச் சண்டை. கட்டிலருகே இருந்த மானிட்டர் திரையைப் பெகெரோ பார்த்தார்.

"நூத்திப்பத்து, எழுபது. என் பிரஷரே இவ்வளவு நல்லா இருக்காது. ஸ்கேன் எடுக்குற ஆளு சாப்பிட்டு வரட்டும். எடுத்துப் பார்த்துக்கலாம்."

"அவர் சாப்பிட்டு வர்றதுக்குள்ள இவன் போயிடுவான், டாக்டர்."

"ஒரு மஞ்சள் சட்டையை வெட்டிட்டே. இப்ப வயித்தையும் வெட்டணுமா?"

"தண்ணி தண்ணின்னு கேக்குறான். நாடி நூத்தி இருபத்தாறு. வாலிப உடம்பு டாக்டர் இது. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு பிரஷரைப் பிடிச்சு வச்சுக்கிட்டே இருக்கும், அப்புறம் பொத்துன்னு விழும். அந்தப் பெட்டியைப் பார்க்காதீங்க. முட்டியைத் தொட்டுப் பாருங்க."

"முட்டி ஜோசியம்" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் பெகெரோ குனிந்தார். சோதிடத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. சோதிடன் தொடாமல் சொல்வான். தவறினால் கிரகத்தின் மேல் போடுவான். நூரிஸ் தொட்டுவிட்டுச் சொன்னார், இன்னொருவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். முழங்கால்கள் ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்ததுபோல் இருந்தன. அவற்றைச் சுற்றித் தோல் ஊதா நிறத்தில் வலைவலையாகத் திட்டுக் கட்டியிருந்தது. பெகெரோ சின்ன ஸ்கேன் கருவியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து வயிற்றில் வைத்தார். மண்ணீரல் கிழிந்து வயிறு நிறைய இரத்தம். அவர் தலையை நிமிர்த்துவதற்குள் திரையில் நூற்றிப்பத்து எண்பதானது. ஃபெர்மின் பேச்சை நிறுத்திவிட்டான். நூரிஸ் அவனுடைய இரு கைகளிலும் பெரிய ஊசிகளை எப்போதோ ஏற்றியிருந்தார்.

"தியேட்டரைத் திறங்க!" என்று பெகெரோ கத்தினார்.

இரத்த வங்கியிலிருந்து அவசரத்துக்கு இரண்டு பை வந்தது. அடுத்த பைக்கு ஆள் கேட்டார்கள். இங்கே அதுதான் விதி. ஒரு பை வேண்டுமென்றால் உறவினர் இரண்டு பேர் வந்து கையை நீட்ட வேண்டும். அவர்கள் கொடுப்பது சோதனைக்குப் போகும். தயாராக இருக்கும் பை கட்டிலுக்கு வரும். உறவு இருப்பவன் பிழைக்கலாம். ஊரைவிட்டு வந்தவன், வீட்டாரால் விரட்டப்பட்டவன், யாருமில்லாதவன் அடிபட்டால் முதலில் சொந்தக்காரரைத் தேடிக்கொண்டுவர வேண்டும். இரத்தமில்லாமல் கிடப்பவனிடம் இரத்தம் கேட்கும் இந்த விதியை எழுதியவர் எந்தத் தனியார் மருத்துவமனையில் படுத்துக்கொண்டு எழுதினாரோ!

ஃபெர்மினுக்கு ஆள் இருந்தது. மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து வந்த ஒன்பது பேர் நடைக்கூடத்தில் தொலைக்காட்சிக்குக் கீழே நின்றார்கள். அவன் மனைவி யூதெல்கா பீட்ரூட் சாறும் மால்ட்டும் கலந்த பெரிய பாட்டிலோடு ஓடிவந்தாள். குடித்தால் இரத்தம் ஊறும் என்று இந்தத் தீவே நம்புகிறது. நூரிஸ் பாட்டிலை வாங்கி மேசை மேல் வைத்தார்.

"வயிறு கிழிஞ்சவன் வாயில இதை ஊத்துனா நேரா போய்ச் சேர்ந்துடுவான். நீ கையை நீட்டு."

"நான் மாதாவுக்கு வேண்டியிருக்கேன் சிஸ்டர். அவர் பிழைச்சா இகுவேய் மாதா கோயில் வரைக்கும் நடந்தே வர்றேன்னு."

"நடந்துக்கோ. அதுக்கு முன்னாடி பதினஞ்சு நிமிஷம் படுத்துக்கோ. மாதாவுக்கு இன்னிக்குத் திருநாள், கூட்டம் ஜாஸ்தி. நான் டூட்டியில சும்மாத்தானே இருக்கேன்."

யூதெல்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரத்த வங்கிப் பக்கம் நடந்தாள். ஆண்கள் நகரவில்லை. ஒருவன் தரையைப் பார்த்தான். ஒருவன் ஆட்டத்தைப் பார்த்தான். கழுத்தில் தடிச் சங்கிலி போட்ட ரமீரோ மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"சிஸ்டர், ரத்தம் குடுத்தா ஆம்பளைக்கு... அந்த பலம் போயிடும்னு சொல்றாங்களே."

நூரிஸ் குரலைத் தாழ்த்தவில்லை.

"எந்த பலம்? சத்தமா சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்! நான் முப்பத்தஞ்சு தடவை குடுத்திருக்கேன், போன மாசம்கூடக் குடுத்தேன். இல்லேன்னா இப்பவும் குடுக்கப் படுத்திருப்பேன். எம் புருஷன் வருஷத்துக்கு மூணு தடவை குடுக்குறாரு. எனக்கு நாலு பிள்ளைங்க. பத்தாதா? தினம் ஃபெர்மின் பக்கத்துல வண்டியை நிறுத்தி அவன் காப்பியைக் குடிப்பீங்க. அவன் உள்ள செத்துக்கிட்டு இருக்கான், நீங்க உங்க பலத்தைப் பத்திரமா வச்சுக்கிட்டு ஆட்டம் பார்க்குறீங்க. ரமீரோ, உன் நரம்பை நீ கதவுல நுழையும்போதே பார்த்துட்டேன். ஓட முடியாது, வா."

நடைக்கூடமே சிரித்துவிட்டது. சிரித்துவிட்டவனால் அப்புறம் மறுக்க முடியவில்லை. ஒருவன் முந்தின நாள் குடித்திருந்தான், ஒருவன் போன வாரம் பச்சை குத்தியிருந்தான். இரண்டு பேரும் ஒதுக்கப்பட்டார்கள். மற்ற ஏழு பேரும் வரிசையாகப் போனார்கள். ஊசியைப் பார்த்ததும் ரமீரோதான் மயங்கி விழுந்தான். எழுந்து மறுபடி கையை நீட்டினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பீட்ரூட் சாற்றை நூரிஸ் யூதெல்காவோடு சேர்த்து எட்டுப் பேருக்கும் ஊற்றிக் கொடுத்தார். "ஊறட்டும், ஊறட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு வாய் தானும் குடித்துக்கொண்டார்.

ஐந்தரைக்கு ஃபெர்மின் மண்ணீரல் இல்லாமல் திரும்பி வந்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் இடமில்லை. பழைய கட்டிலுக்கே வந்தான். வாயில் குழாய், மேலே மூன்று போர்வை. திரை நூற்றியைந்து காட்டியது. பெகெரோ முகமூடியை இறக்கிக்கொண்டு, "பாரு, நூத்தியஞ்சு" என்றார். யூதெல்கா மண்டியிட்டு அழுதாள். ஸ்டாண்டுக்காரர்கள் கதவிடுக்கில் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

நூரிஸ் மட்டும் எண்ணைப் பார்க்கவில்லை. கட்டிலின் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தார். காலியாக இருந்தது. இரத்தத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் உடம்பு சிறுநீரகங்களையும் மூடிவிடும். ஆபத்து நீங்கியது என்று உடம்பே நம்பினால்தான் திறக்கும். திறக்காமலே போனவர்களையும் நூரிஸ் பார்த்திருக்கிறார்.

ஆறு மணிக்கு அவர் பணி முடிந்தது. அடுத்த செவிலியர் கெயிசி வந்து, "கிளம்புக்கா, நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

"ம்" என்றார். கிளம்பவில்லை.

நடைக்கூடத்தில் திடீரென்று பெருங்கூச்சல் எழுந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது. யார் ஜெயித்தது என்று நூரிஸ் கேட்கவில்லை. கட்டிலுக்கடியில் குந்தி உட்கார்ந்து, பைக்கு வரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கெயிசி ஒரு தடவை சிரித்தாள், அப்புறம் சிரிக்கவில்லை. ஆறேமுக்காலுக்குக் குழாயில் மெல்லிய கோடுபோல் ஏதோ இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது. பையின் அடியில் ஒரு துளி, பிறகு இன்னொன்று, பிறகு ஒரு ஸ்பூன் அளவு.

நூரிஸ் இரண்டு விரல்களால் அந்தப் பையை, கைக்குழந்தையின் கன்னத்தைத் தட்டுவதுபோல், மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார்.