முகாமில் ஓடிய எங்கள் விண்வெளிப் படம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. திருகோணமலை நகரத்தில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். ஒரு வீட்டின் முன் அறை, சில பழைய கொம்பியூட்டர்கள், ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். என்னோடு, என்னைப்போல இன்னொரு பெண்ணும் படிப்பித்தாள். மூதூர்க்காரி. எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். அவளுடைய அண்ணன் ஒருநாள் சாமான் வாங்க மூதூரிலிருந்து லோஞ்ச் படகில் நகரத்துக்கு வந்தவர். துறையில் இறங்கினதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் ஒருவரும் இல்லை. அவரைத் தேடுவதற்கு வசதி என்றுதான் அவள் நகரத்திலேயே வேலை எடுத்துக்கொண்டாள்.

எங்கள் கொம்பியூட்டர் ஒன்றில், கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்து ஏற்றிவிட்ட ஒரு விளையாட்டு இருந்தது. தூரத்துக் கிரகம் ஒன்றில் மனிசர் கட்டின நகரம். அங்கே இருந்த சனம் முழுவதும் காணாமல் போய்விடும். ஒரு வீரன் துவக்கோடு தனியாக இறங்கி, வீடு வீடாகப் புகுந்து, எதிர்ப்படுகிற பூதங்களையெல்லாம் சுட்டுக்கொண்டே போவான். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் அதைச் சுற்றி மொய்த்துவிடுவார்கள். நாங்களும் விளையாடுவோம். ஒருநாள் நன்றாக விளையாடிக்கொண்டிருந்த மூதூர்க்காரி சடாரென்று கையை எடுத்துவிட்டு, "இவ்வளவு சனமும் எங்க போச்சுது எண்டு இவன் ஒருக்காலும் கேக்கிறானில்லையே" என்றாள்.

நான் சும்மா ஒரு கதைக்கு, "அப்ப கேக்கிற மாதிரி நாங்கள் ஒரு படம் எடுப்பம்" என்றேன். அவள் அதைச் சும்மா விடவில்லை.

பக்கத்து வீட்டில் கலியாண வீடியோ எடுக்கிற ஓர் அண்ணா இருந்தார். ஆடி மாதத்தில் கலியாணம் இல்லாததால் அவருடைய கமரா அலுமாரிக்குள் சும்மா கிடந்தது. ஒரே ஒரு கசெற் தருவேன், அதுக்குள்ளே முடிக்கவேண்டும் என்றார். வெட்டி ஒட்ட வசதியும் எங்களிடம் இல்லை. எடுக்கிற ஒழுங்குதான் படம். கதாநாயகி என் சிநேகிதி. ஒரு மழைக்கோட்டுக்கு வெள்ளி நிறம் அடித்தோம். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டில் தேயிலைப் பெட்டிக்குள் வருகிற ஈயத்தாளை ஒட்டினோம். துவக்குக்குத்தான் வழியில்லை. எங்கள் ஊரில் அந்த நாட்களில் விளையாட்டுத் துவக்கைக்கூடத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்க ஏலாது. அப்படியென்றால் துவக்கே வேண்டாம், இவள் கதவு கதவாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே போகட்டும் என்று கதையை மாற்றினோம்.

படப்பிடிப்புக்குச் சாம்பல்தீவுப் பக்கம் போனோம். அங்கே கூரையில்லாத வீடுகள் நிறைய. சனம் இடம்பெயர்ந்து போய் வருடக்கணக்கானதால் குசினிக்குள்ளே மரம் முளைத்திருந்தது. வேற்றுக் கிரகத்துக்கு நாங்கள் செட் போடவேண்டிய தேவையே வரவில்லை. ஊருக்குப் பொறுப்பான விதானையாரிடம் அனுமதி கேட்டோம், வீதித் தடைமுகாமில் கமராவைத் திறந்து காட்டினோம், எல்லாம் முறைப்படிதான் செய்தோம்.

படத்தில் ஒரு காட்சி. பூட்டிக் கிடந்த கூட்டுறவுச் சங்கக்கடைக் களஞ்சியத்தின் இரும்புக் கதவுக்கு முன்னால் அவள் வந்து நிற்கவேண்டும். 'இந்தக் கோளின் மக்களே' என்று தொடங்கி நான் ஒரு நீட்டு வசனம் சொல்லிக் கொடுத்திருந்தேன். கமரா ஓடத் தொடங்கியதும் அவள் ஹெல்மெட்டைக் கழற்றி நிலத்தில் வைத்தாள். என்னுடைய வசனத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"உள்ளுக்கு ஆரும் இருக்கிறீங்களோ? இருந்தா ஒருக்காத் தட்டுங்கோ. வீட்டில சோறாக்கி வச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கினம். கதைக்க ஏலாட்டியும் பரவாயில்லை. தட்டினாக் காணும்."

சொல்லிவிட்டுக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். நிறைய நேரம் நின்றாள். வீடியோ அண்ணா கமராவை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

கடைசி நாள் முடிவுக் காட்சி எடுக்கப் போனோம். வெள்ளிச் சட்டையோடும் ஹெல்மெட்டோடும் அவள் வீடுகளுக்கு நடுவால் தூரமாக நடந்துகொண்டிருந்தாள். நானும் அண்ணாவும் ஒரு உடைந்த மதிலுக்குப் பின்னால் நின்றோம். அந்த நேரம் மற்றப் பக்கத்துப் பனைகளுக்குள்ளிருந்து ரோந்து வந்த ஆமிக்காரர் வெளிப்பட்டார்கள். அவர்களின் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். பாழடைந்த ஊருக்குள் வெள்ளியாய் மினுங்குகிற ஓர் உருவம், பெரிய தலையோடு, அவசரமில்லாமல் நடந்து வருகிறது. நில் என்று கத்தினார்கள். ஹெல்மெட்டுக்குள் துணி அடைத்திருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை. நடந்துகொண்டேயிருந்தாள். துவக்குகளை இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுவே ஓடினேன். வாயில் வந்தது ஒரே சொல். "சூட்டிங்! சூட்டிங்!" அந்த இடத்தில் சொல்லவே கூடாத சொல் அது ஒன்றுதான் என்று பிறகுதான் உறைத்தது. ஆமிக்காரர் குனிந்து நிலை எடுத்துவிட்டார்கள். அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தார். அவர் கமராவைக் கண்டுவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கத்தினார். துவக்குகள் கொஞ்சம் கீழே இறங்கின. நான் போய் அவளின் தோளைத் தொட்ட பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று பேரையும் கமராவோடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பொறுப்பதிகாரி முப்பது வயது மதிக்கத்தக்க ஆள். இங்கிலீசில் கதைத்தார். கொம்பியூட்டர் விளையாட்டு ஒன்றை வைத்துப் படம் எடுக்கிறோம் என்று சொன்னேன். என்ன விளையாட்டு என்று கேட்டார். நான் விவரிக்கத் தொடங்கவே விளையாட்டின் பெயரை அவரே சொல்லிவிட்டார். கொழும்பில் படிக்கிற காலத்தில் விளையாடித் தள்ளினவராம். கமராவை ரிவியில் பொருத்தச் சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தமிழ் தெரிந்த அந்தச் சிப்பாய் பக்கத்தில் நின்று வசனங்களை மாற்றிச் சொன்னார்.

எங்கள் படத்தை முதன்முதல் பார்த்து அபிப்பிராயம் சொன்னவர் அவர்தான். நேர்மையாகச் சொன்னால், நல்ல ரசிகர். ஹெல்மெட்டைக் கண்டு சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற சிப்பாய்களும் சிரித்தார்கள். விளையாட்டில் அந்த நகரத்துக்கு மூன்று வாசல் கதவு வருமே, இதில் ஒன்றைக் காணவில்லையே என்று கேட்டார். அவளிடம் துவக்கு இல்லையே, எப்படி வெல்லுவாள் என்றும் கேட்டார்.

"துவக்கோடு எடுத்திருந்தால் இப்போது நாங்கள் உங்களுக்கு முன்னால் இருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம்" என்றேன்.

அதற்கும் அவர் சிரித்தார். எனக்குப் பயம் பாதி போய்விட்டது.

பிறகு அந்த இரும்புக் கதவுக் காட்சி வந்தது. சிப்பாய் மாற்றிச் சொல்லத் தொடங்கி, நடுவில் குரலைத் தாழ்த்தினார். அதிகாரி பின்னுக்கு ஓட்டித் திரும்பவும் பார்த்தார். ஜன்னலில் சிரிப்பு நின்றுவிட்டது. இது விளையாட்டில் இல்லையே, யார் எழுதினது என்று கேட்டார். என் சிநேகிதி வாயைத் திறக்கப் போனாள். நான் முந்திக்கொண்டேன். படத்தை எடுத்தது நான், அதில் வருகிற எல்லாச் சொல்லும் என்னுடையது என்றேன். காணாமல் போன சனத்தை ஒருவரும் தேடாதது அந்த விளையாட்டில் ஒரு குறை என்று எங்களுக்குப் பட்டது, அதைத்தான் திருத்தியிருக்கிறோம் என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மிச்சப் படத்தில் தனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, இந்தக் காட்சி மட்டும் இருக்க ஏலாது என்றார். ஒன்றில் இங்கேயே அதை அழிக்கவேண்டும், இல்லாவிட்டால் கசெற்றும் கமராவும் முகாமிலேயே இருக்கும். நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். அப்படியென்றால் என்னை மட்டும் வைத்துக்கொண்டு கமராவை விடுங்கள் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. அண்ணா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய குடும்பத்துக்குச் சோறு போடுகிற கமரா அது. அவள்தான் என்னுடைய கையைப் பிடித்து, "விடு. அழி" என்றாள்.

அழிப்பது எப்படி என்றால், கமராவின் கண்ணாடிக்கு மூடியைப் போட்டுவிட்டு அந்தக் காட்சிக்கு மேலாலே திரும்பவும் பதியவேண்டும். படம் கறுப்பாகிவிடும். பொத்தானை என்னைத்தான் அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். அது ஓடி முடியும்வரைக்கும் அந்த அறையின் மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

வெளியே விடும்போது அவர் ஒரு நல்ல மனிசனைப் போல எனக்குப் புத்தி சொன்னார். இப்படி நடுவில் கறுப்பாக இருந்தால் படம் பழுதானது போலத் தெரியும், ஒரு பாட்டோ வேறு காட்சியோ எடுத்து அந்த இடத்தில் போட்டுவிடு, பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்றார்.

"ஒன்றும் போட மாட்டேன். அது அப்படியே இருக்கும்" என்றேன்.

கறுப்பைத் தடைசெய்யத் தன்னிடம் சட்டம் இல்லை என்றார். படத்தைக் காட்டுகிற அன்றைக்குத் தன்னுடைய ஆள் ஒருவர் வந்து பார்ப்பார் என்பதையும் சொல்லி அனுப்பினார்.

காட்டத்தான் வேண்டும் என்று மூன்று பேரும் முடிவெடுத்தோம். அது தெரிந்து என்னுடைய அப்பா ஒரு கிழமையாக என்னோடு கதைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம், ரியூசன் கொட்டில் ஒன்றில் ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கி, மேசைக்கு மேல் ரிவியை வைத்தோம். எங்கள் மாணவர்கள், அவர்களுடைய தாய் தகப்பன்மார், அயலில் உள்ளவர்கள் என்று வாங்குகள் நிரம்பிவிட்டன. முகாமில் வசனம் மாற்றிச் சொன்ன அந்தச் சிப்பாய் சாதாரண உடுப்போடு வந்து வாசலடியில் நின்றார். நாங்கள் கதிரை கொடுத்தோம். வேண்டாம் என்றுவிட்டார்.

சனம் நன்றாகச் சிரித்தது. ஹெல்மெட்டுக்கு விசில் அடித்தார்கள். கதாநாயகி களஞ்சியத்தை நோக்கி நடந்து போனாள். அத்தோடு ரிவி கறுத்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்துச் சிலர் எழும்பப் பார்த்தார்கள். ஆனால் சத்தம் வந்துகொண்டிருந்தது. முகாம் அறையின் மின்விசிறிச் சத்தம். கமரா அதையும் பதிந்து வைத்திருந்தது. யாரோ இருமுகிற சத்தமும் கேட்டது.

அப்போதுதான் முன் வாங்கிலிருந்து அவள் எழும்பினாள். என்னிடம் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. சாதாரணப் பாவாடை சட்டையோடு ரிவிக்குப் பக்கத்தில் போய் எங்களைப் பார்த்து நின்றாள். வாசலில் நிற்கிறவரையும் அவள் கண்டாள். கண்டுகொண்டுதான் தொடங்கினாள்.

"உள்ளுக்கு ஆரும் இருக்கிறீங்களோ? இருந்தா ஒருக்காத் தட்டுங்கோ."

அழவில்லை, கத்தவில்லை. வகுப்பில் பாடம் சொல்லுகிற அதே குரல். ஒரு சொல் விடாமல் முழுவதையும் சொன்னாள். 'தட்டினாக் காணும்' என்று முடித்துவிட்டு, அன்றைக்குக் கதவில் காதை வைத்து நின்றதுபோலவே பேசாமல் நின்றாள். எனக்கு வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

பின்பக்கத்தில் யாரோ வாங்குப் பலகையில் விரலை மடக்கித் தட்டினார்கள். ஒரு தரம்தான். திரும்பிப் பார்த்தேன். எங்கள் மாணவி ஒருத்தியின் தாய். அந்த மனிசியின் வீட்டிலும் ஓர் ஆள் குறைவு என்பது ஊருக்கே தெரியும். பிறகு இந்தப் பக்கத்தில் ஒருவர் தட்டினார். பிறகு இன்னொருவர். எல்லாரும் தட்டினார்கள் என்று கதை விட மாட்டேன். தட்டாமல் தலையைக் குனிந்துகொண்டு இருந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் எழும்பிப் போனவர் ஒருவரும் இல்லை. ரிவியில் திரும்பவும் வெளிச்சம் வந்தது. அவள் தன்னுடைய இடத்தில் போய் இருந்துகொண்டாள்.

படம் முடிந்து சாக்குகளைக் கழற்றினபோது வாசலில் அவரைக் காணவில்லை.

அதற்குப் பிறகு முகாமிலிருந்து கூப்பிடுவார்கள் என்று நாங்கள் காத்திருந்தோம். அண்ணா கமராவைத் தம்பலகாமத்தில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அம்மா ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் படலையை எட்டிப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. என்ன அறிக்கை போனதோ, போகவே இல்லையோ, எங்களுக்குத் தெரியாது.

நாள் கொஞ்சம் போன பிறகு, தடைமுகாமில் அதே சிப்பாய் என்னுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். திருப்பித் தரும்போது மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, "படம் நல்லம், மிஸ். முடிவுதான் சரியில்லை" என்றார்.

"முடிவு எடுக்க வந்த அண்டைக்குத்தானே நீங்கள் எங்களப் பிடிச்சனீங்கள்" என்றேன்.

எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. போங்கோ என்று கையைக் காட்டினார்.

அந்தக் கசெற் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது. என் சிநேகிதி திரும்பவும் மூதூருக்குப் போய்க் கலியாணம் முடித்து, இப்போது பேரப்பிள்ளையும் கண்டுவிட்டாள். அவளுடைய அண்ணன் வரவில்லை. நான் அதற்குப் பிறகு படம் ஒன்றும் எடுக்கவில்லை, பல அலுவலகங்களில் வேலை செய்துவிட்டேன். இதை எடுத்துவிடு, அதைச் சொல்லாதே என்று எனக்கு மேலே இருந்தவர்கள் பலதரம் சொல்லியிருக்கிறார்கள், சிலதரம் எனக்கு அடங்கிப் போகவேண்டியும் வந்திருக்கிறது. ஆனால் எடுத்த இடம் தெரியாமல் பூசி மெழுகித் தா என்று கேட்டவர்களுக்கு மட்டும், அன்றைக்கு முகாமை விட்டு வெளிக்கிடும்போது சொன்ன அதே பதிலைத்தான் இன்றைக்கும் சொல்லி வருகிறேன்.