கத்தரிக்கு முன்னால் ஒட்டகம்

மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த சாக்லேட்டின் தங்கத் தாளில் நீல ஒட்டகம் ஒன்று அச்சாகியிருந்தது. இந்த மாதிரித் தாள்களை ஆண்டு முழுக்கச் சேர்த்து, கிறிஸ்துமஸ் குடிலுக்கு நட்சத்திரம் வெட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். அன்று சாயங்காலம் ஒட்டகமும் அக்காவின் கத்தரிக்குப் போகவேண்டியது. அதற்குள் நல்லதாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. மிட்டாய்த் தாள் படங்களுக்கென்றே ஒரு வலைப்பூ வைத்திருந்தேன்.

கருங்கல் ஊரிலிருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடி ஸ்கேன் செய்து பார்த்தேன். தங்கம் கரியாக வந்தது. வீட்டு டிஜிட்டல் கேமராவில் ஃபிளாஷ் போட்டால் ஒட்டகத்தின் தலையே வெள்ளையாக அழிந்துபோனது. ஃபிளாஷை அணைத்து, முற்றத்தில் ஒன்று எடுத்தேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

“ஏலே, ஒட்டகம் ஒனக்க செவப்புச் சட்டயப் போட்டிருக்கு. மூஞ்சியும் ஒனக்க மூஞ்சிதான்.”

எதிரே இருப்பதைத்தான் தாள் காட்டுகிறது என்று அப்போதுதான் உறைத்தது. கொடியில் காய்ந்த வெள்ளைப் போர்வையை உருவி அக்காவிடம் கொடுத்தேன். மேசையில் தாள், இந்தப் பக்கம் கேமராவோடு சரிந்தபடி நான், அந்தப் பக்கம் போர்வையை விரித்துப் பிடித்தபடி அக்கா.

“சட்டுனு எடுலே, கை வலிக்குது.”

தாளில் போர்வையின் வெள்ளை மட்டுமே விழ, தங்கம் தங்கமாகவே வந்தது. ஒட்டகத்தின் இமைகூடத் தெரிந்தது.

அக்கா படத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தாளில் ஒட்டகத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அது முழுசாக நடுவில் நிற்கும்படி நட்சத்திரத்தை வெட்டினாள்.

“குடில்ல பொறந்த பிள்ளயப் பாக்க மூணு ராசாக்களும் இதுலதான வந்தாவ. நிக்கட்டு,” என்றாள்.