ஏரிக்கு அக்கரையில் மூத்த பிள்ளை

லூயிஷாமில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி ஓர் ஐரிஷ்காரரின் மகள். லண்டனில் பிறந்து, லண்டன் பஸ்ஸிலேயே கண்டக்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். அயர்லாந்து மண்ணை மிதித்ததே இல்லை. ஆனாலும் யார் கேட்டாலும் "நான் ஐரிஷ்" என்றுதான் சொல்லுவார். எண்பதுகளின் நடுவில் நாங்கள் வந்து இறங்கியபோது வேலிக்கு மேலால் முதலில் எட்டிப் பார்த்தவர் அவர். நான் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண் என்று தெரிந்ததும் என்னையும் பாதி ஐரிஷ்காரியாகச் சேர்த்துக்கொண்டார். நான் அவரை அன்ரி என்று கூப்பிட்டேன், அவர் என்னைப் பிள்ளை என்று. அவர் பேசியது இங்கிலீஷ்தான். எனக்கு ஞாபகத்தில் நிற்பது என் தமிழில். அப்படியே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அவர் என் குசினியில், சாப்பாட்டு மேசையில் ஒரு கடிதத்தை வைத்தார். அயர்லாந்தின் மேற்குப் பக்கத்தில், தன் அப்பாவின் ஊர்க் கோயில் பாதிரியாருக்கு எழுதியிருக்கிறார். அப்பா ஞானஸ்நானம் பெற்ற தொட்டியைப் போய்ப் பார்க்க வேண்டும், பதிவைக் காட்ட முடியுமா என்று. பதில் வந்திருந்தது. நீங்கள் குறிப்பிட்ட தாய் தகப்பனுக்குப் பிறந்த ஆறு பிள்ளைகளின் பதிவும் புத்தகத்தில் இருக்கிறது, நீங்கள் கேட்கும் ஆளுடையது மட்டும் இல்லை, மன்னிக்கவும். அரச பதிவு அலுவலகமும் அந்த மாவட்டத்தில் அப்படியொரு பிறப்பு இல்லை என்று முன்பே கைவிரித்திருந்தது.

"அண்ணா சொன்னது சரிபோல" என்றார் அன்ரி.

அவருடைய அண்ணன் கட்டட வேலை செய்து ஓய்வு பெற்றவர், டெப்ட்ஃபோர்டில் தனியாக இருந்தார். அப்பா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்தபோது அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, அன்ரிக்கு ஏழு. செத்த வீட்டுக்கு வந்த ஒரு சொந்தக்காரி, "அவன் எங்கட கோயில் புத்தகத்திலேயே இல்லாதவன், எங்கேயோ எடுத்து வளத்த பிள்ளை" என்று சொன்னதை அந்தப் பையன் கேட்டுவிட்டான். அப்பா தன் தாய் தகப்பனைப் பற்றிச் சொன்ன கதையெல்லாம் பொய் என்று அன்றைக்கு முடிவு கட்டித் தங்கச்சியிடமும் சொன்னவர், பிறகு அப்பாவின் பேச்சையே எடுத்ததில்லை. அன்ரி மட்டும் நம்பிக்கொண்டிருந்தார். இந்தக் கடிதம் வரும் வரைக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று தெரியாத கோபம். நான் லண்டனில் ஆஸ்பத்திரி லாண்டரியில் படுக்கை விரிப்பு மடித்தவள்தான். ஆனால் ஊரில் ஏழு வருடம் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் கிளாக்காக இருந்தவள். பதிவில் இல்லாத ஆள் என்று ஒருவர் கிடையாது. தேடுகிறவன் பிழையான புத்தகத்தைத் திறந்திருப்பான், அவ்வளவுதான். அதை நான் அன்ரிக்குச் சொன்னேன். "ஒரு மாதம் தாங்கோ, ஆளைக் கொண்டுவந்து உங்கட கையில தாறன்" என்றும் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஒரு மாதம் நாலு மாதமானது. அயர்லாந்தின் பெரிய வரைபடம் ஒன்று வாங்கிக் குசினிச் சுவரில் குத்தினேன். அந்தத் தகப்பன் ஊரைச் சுற்றியிருந்த கோயில்களுக்கெல்லாம் அன்ரியைக் கொண்டு கடிதம் எழுதுவித்தேன். எழுதின வசனத்தைத் திருத்தி, திரும்ப எழுத வைத்து, கந்தோர் மேலதிகாரி மாதிரி அந்த மனுசியைப் படுத்தியெடுத்தேன். எல்லாரும் பணிவாகவே இல்லை என்று எழுதினார்கள். ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் சுவரைப் பார்த்துவிட்டு, "உம்மட கச்சேரி இன்னும் பூட்டேல்லைப் போல" என்றார். அன்றைக்கு இரவு அவருக்குச் சோறு இல்லை, பழைய பாண்தான் கிடைத்தது.

அந்த இலையுதிர் காலத்தில், லண்டனின் மற்றப் பக்கத்தில், மோர்டனில் ஒரு ஞானஸ்நானம். என் சித்தப்பாவின் மகளுக்கு முதல் பிள்ளை. அவளும் புருஷனும் இருந்தது எங்களுக்குக் கிட்ட, கட்ஃபோர்டில். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று சின்னம்மா ஒரே பிடியாக நின்று, ஏழாம் மாதமே அவளை மோர்டனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம், கோயிலும் அந்தப் பக்கம். மருமகன் மூன்று மாதமாக ரயில் ஏறி இறங்கியே மெலிந்துபோயிருந்தான். பூசை முடிந்து பாதிரியார் பதிவேட்டைத் திறந்தபோது, பழக்கதோஷத்தில் நான் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பிள்ளையின் பெயரை மோர்டன் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் உறைத்தது. நூறு வருடம் கழித்து இந்தப் பிள்ளையை யாராவது கட்ஃபோர்டில் தேடினால் தம்பி தங்கச்சிமார் எல்லாரும் இருப்பார்கள், மூத்தது மட்டும் இராது. என் கதையும் அதுதானே. நான் மூத்தவள், அம்மாவின் ஊரில் பிறந்தவள். கலியாணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் எடுக்கப் போனபோது அப்பாவின் ஊர்ப் பாதிரியார், "உம்மட பேர் இஞ்ச இல்லையே பிள்ளை, அம்மாட ஊரில கேட்டுப் பாரும்" என்று அனுப்பியவர். ஏழு வருடம் கிளாக், அதற்கு மேல் சொந்த அனுபவம். நாலு மாதமாக எங்கே வைத்திருந்தேன் புத்தியை? வெட்கமாக இருந்தது. கேக் வெட்டும் வரைக்கும்கூட நிற்கவில்லை. கணவரை அங்கேயே விட்டுவிட்டு வந்து அன்ரியின் கதவைத் தட்டினேன்.

"உங்கட அப்பா மூத்தவரோ?"

"ஓம். அவருக்குப் பின்னால ஆறு பேர்."

"அவற்ற அம்மா எந்த ஊர்?"

அன்ரி யோசித்தார். ஊர்ப் பெயர் அவருக்குத் தெரியாது. "அம்மாவோட வள்ளத்தில ஏரியைக் கடந்து அம்மம்மா வீட்டுக்குப் போறதெண்டு அப்பா சொல்லுவார். மழையில நனைஞ்சு போய்ச் சேருவினமாம்."

அவரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் குசினிச் சுவருக்கு முன்னால் நிறுத்தினேன். தகப்பன் ஊர் ஏரியின் ஒரு கரையில். மறுகரையில் வேறு மாவட்டம், வேறு கோயில். இவ்வளவு நாளும் தண்ணீரை ஒரு மதில் என்று எண்ணி இந்தப் பக்கமே சுற்றியிருக்கிறேன். "உங்கட ஆக்களும் முதல் பிள்ளைக்குத் தாய் வீட்டுக்குப் போறவையோ?" என்று கேட்டேன். தெரியாது, போயிருக்கலாம் என்றார் அன்ரி. அவருக்கு நம்பிக்கை இல்லை. எனக்கு இருந்தது. அன்றே எழுதுவித்தேன். இந்த முறை வசனத்தைத் திருத்தவில்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. பதிவின் பிரதியே உள்ளே இருந்தது, லத்தீனில். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் கன்னிப் பெயர், ஞானப் பெற்றோராகத் தாயின் தம்பியும் தங்கையும். பிறந்து இரண்டாம் நாள் ஞானஸ்நானம். அந்தக் காலத்தில் மூத்த பிள்ளையைப் பெறப் பெண்கள் தாய் வீட்டுக்கு வருவது இங்கே வழக்கம் என்று பாதிரியார் கீழே இரண்டு வரி எழுதியிருந்தார். அன்ரி அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே "சொன்னனான்தானே" என்றும் சொன்னேன்.

பிறகு பயணத் திட்டம். அன்ரிக்குத் துணையாக நான் போவதாகப் பேச்சு. யூஸ்டனிலிருந்து ரயில், ஹோலிஹெட்டில் கப்பல், அங்காலே பஸ். நேரம், மாறுமிடம், தங்குமிடம் எல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். என் பிரிட்டிஷ் பாஸ்போட் கைக்கு வந்து ஆறு மாதம், அதில் இன்னும் ஒரு பயணமும் போகவில்லை. லீவு எடுத்து, மழைக்கோட்டும் வாங்கிவிட்டேன்.

புறப்படுவதற்கு முதல் ஞாயிறு, அன்ரி அண்ணனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு அந்தப் பிரதியைக் கொடுத்தார். நானும் இருந்தேன். மனுசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வாசித்தார். திரும்ப வாசித்தார். ஒரு விரலால் தாயின் பெயரைத் தொட்டுப் பார்த்தார்.

"கப்பல் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

மூன்று பேருமாகப் போவோம் என்று அன்ரி சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அண்ணன் தங்கச்சி போகிற காரியத்தில் எனக்கு அங்கே வேலை இல்லை. கொப்பியைத் தூக்கி அண்ணன் கையில் கொடுத்தேன். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். உண்மையைச் சொன்னால், வீட்டுக்கு வந்து அந்த மழைக்கோட்டை அலுமாரியில் எறிந்தேன்.

அவர்கள் போய் மூன்றாம் நாள் பின்னேரம் டெலிபோன் அடித்தது. அன்ரி என்று நினைத்து எடுத்தேன். அண்ணன். இத்தனை வருடத்தில் என்னுடன் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர்.

"கோயிலுக்குள்ள நிண்டனாங்கள்" என்றார். "பாதிரியார் புத்தகத்தைக் காட்டினவர்."

"நல்லது."

"அப்பா பொய் சொல்லேல்லை."

"ஓம். எனக்குத் தெரியும்."

பின்னால் அன்ரி யாருடனோ பேசுவது கேட்டது.

"எனக்குத்தான் தெரியாமப் போச்சு" என்றார். "அறுபது வருசமா அவரோட கோவமா இருந்திட்டன்."

அதோடு டெலிபோன் பெட்டியில் அவர் போட்ட காசு முடிந்து லைன் அறுந்துவிட்டது.