தேசிக்காய் தின்ற கல்

ஓலைத்தொடுவாய்க் கிராமத்தில் என் மகள் ரெஜினாவின் புது வீட்டுச் சமையல் மேடை பழுதாகிவிட்டது. கட்டாரில் வேலை செய்யும் மருமகன் அதற்கு அவளைத் திட்டிவிட்டு, இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை. அதைக் கேள்விப்பட்டுத்தான் போன திங்கட்கிழமை விடத்தல்தீவிலிருந்து புறப்பட்டேன். அந்த மேடையில் பதித்த ட்ரவர்டைன் என்ற சுண்ணாம்புக் கல்லை வீட்டுக்குப் பதிக்க நினைப்பவர்கள் இதை முழுவதும் வாசியுங்கள்.

காலை 6.40 பஸ். மன்னார் பட்டினத்துக்கு ஒரு மணித்தியாலம், 150 ரூபாய். எழுபத்தொரு வயதில் எழுத்துப் படித்தவன் நான். பெயர்ப் பலகை ஒன்றையும் விடாமல் வாசித்துக்கொண்டு போனேன். அந்தச் சந்தோசம் பட்டினம் வரைதான்.

பட்டினத்திலிருந்து ஓட்டோ 1,500 ரூபாய். என் முகத்தைப் பார்த்த சாரதி, “ஆரோடை ஐயா சண்டை?” என்று கேட்டார். கல்லோடு என்றேன். “அப்ப நீங்கள்தான் தோப்பீங்கள்,” என்றார்.

கல் வடிவானது, பொய் சொல்லக்கூடாது. மணல் நிறம், காலுக்குக் குளிர்ச்சி. ஹோல் தரையில் ஒரு குறையும் இல்லை. மேடையில் மீன் வெட்டும் இடம்தான் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, சொரசொரவென்று கிடந்தது. மீன் வெட்டி முடிந்ததும் ரெஜினா தேசிக்காய் (எலுமிச்சை) பாதியால் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். மீன் வெடுக்கு நாற்றம் போக இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வோம்.

அதே ஓட்டோவில் அவளையும் ஏற்றிக்கொண்டு, கல் வாங்கிய பட்டினத்துக் கடைக்குப் போனேன். முதலாளி கதிரையை விட்டு எழும்பவில்லை. புளிப்புப் பட்டால் இந்தக் கல் அரிபடும், பாவிக்கத் தெரியாத ஆட்கள் வாங்கக்கூடாது என்று ரெஜினாவைப் பார்த்துச் சொன்னார். அவள் தலை குனிந்தாள்.

அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு தமிழ்த் தாள் ஒட்டியிருந்தது. எழுத்தெழுத்தாகக் கூட்டி, கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்க வாசித்தேன். தேசிக்காய், புளி, வினாகிரி படக்கூடாது. கறை பிடிக்காமலிருக்க சீலர் பூச வேண்டும். சீலர் பூசினாலும் புளிப்பு அரிக்கும்.

“இந்தத் தாளை ஏன் பிள்ளையிட்டைக் குடுக்கேல்லை?”

“கேட்டால் குடுப்பம், ஐயா. இஞ்ச ஆர் உதெல்லாம் வாசிக்கினம்?”

நான் விடவில்லை. “வாசிக்கமாட்டினமெண்டால் வாயாலை சொல்லியிருக்கலாம். காசு கேக்க வாய் வந்ததுதானே.”

வரிசையில் நின்ற ஒருவர், தான் கேட்ட கல்லுக்கும் தாள் தரச்சொன்னார். அதற்குப் பிறகுதான் முதலாளி எழும்பினார். மேடையைத் தீட்டிக் கொடுக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். இன்று வியாழன், ஒருவரும் வரவில்லை. வரும்வரை இந்தக் கோபம் ஆறாது.

கல் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஹோலுக்கு இந்தக் கல்லைத் தாராளமாகப் போடுங்கள். மீன் வெட்டும் சமையலறைக்கு வேண்டாம். போட்டுவிட்டீர்கள் என்றால் பலகை வைத்து வெட்டி, வெறும் தண்ணீரால் கழுவுங்கள். தாளைக் கையில் வாங்கி வாசித்த பிறகு காசை எடுங்கள்.

அன்று ரெஜினா அந்தத் தாளைப் படமெடுத்து, கடையில் வைத்தே கட்டாருக்கு அனுப்பியிருந்தாள். நாங்கள் வீட்டுக்கு வந்து சேர, என்னுடைய போனுக்கு மருமகன் எடுத்தார்.

“மாமா, அவவிட்டை ஒருக்காக் குடுங்கோ.”

நான் போனை நீட்டினேன். அவள் பலகையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“எனக்கு மீன் வெட்டக் கிடக்கு, அப்பா. ரெண்டு நாளைக்குப் பிறகு எடுக்கச் சொல்லுங்கோ.”