கொளுத்தாத சருகு

போன வருஷம் ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எர்ணாவூரில் எங்கள் வீட்டு வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். என் சின்ன மகள் வந்து எதிரில் குந்தி, தானும் ரெண்டு மீனை எடுத்துக் கிள்ளினாள். அவளாக வந்து மீனில் கை வைத்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

"எம்மா, மண்டபம் பாக்கப் போகாத. நாங்க காட்டுல கட்டிக்கலாம்னு கீறோம். ஒரு அருவியாண்ட. மொத்தமே பத்து பேருதான்" என்றாள்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அவளுக்கு நிச்சயம் முடிந்து, தை மாதம் கல்யாணம் என்று பேசியாகிவிட்டது. பையன் அவளோடு வேலை பார்ப்பவன், ராயபுரத்துக்காரன். காதல்தான். ஆனால் இரண்டு வீட்டிலும் ஒரு சண்டை இல்லை, ஓர் அழுகை இல்லை. அவர்கள் வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள், நாங்கள் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். எங்கள் தெருவில் ஊருக்குச் சொல்லாமல் தாலி கட்டிக்கொள்கிறவர்கள், பெற்றவர்கள் ஒத்துக்கொள்ளாமல் ஓடிப்போகிறவர்கள்தான்.

"ஏண்டி, நாங்கதான் சரின்னுட்டோமே. அப்பால எதுக்கு ஓடணும்?" என்றேன்.

"யாரு ஓடுறா? உன்னையும் கூட்டிகினுதான் போறேன்."

"பெத்தவளையும் கூட்டிகினு ஓடுறவ உலகத்துலயே நீ ஒருத்திதாண்டி."

அவள் சிரித்துவிட்டு போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினாள். ஏதோ வெளிநாடு. உயர உயரமாக மரம், பின்னால் அருவி கொட்டுகிறது. வெள்ளைக்கார ஜோடி ஒன்று வெறுங்காலோடு பாறை மேல் நிற்கிறது. சொந்தக்காரர் என்று யாரும் இல்லை, பக்கத்தில் ஒரு நாய் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. கல்யாணமா, சினிமா ஷூட்டிங்கா என்று எனக்குத் தெரியவில்லை. பந்தக்கால் எங்கே நடுவது, பாறையிலா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். மழை வந்தால்? நனையலாம் என்றாள். என்னத்தைச் சொல்ல!

என் வீட்டுக்காரர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுகத்துக்குள் போக லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, அந்த வரிசையில்தான் அவருக்குப் பாதி வாழ்க்கை. அவருக்கு போன் போட்டு ஒப்பாரி வைத்தேன். "அவ காட்டுல கட்னா இன்னா, கடல்ல கட்னா இன்னா? பையன் நல்லவன், வுடு" என்று வைத்துவிட்டார். வந்ததே கோபம் எனக்கு!

நான் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் முகூர்த்த ஜாக்கெட் என் கையால்தான். அவர்கள் எல்லாருக்கும் நான் என்ன பதில் சொல்வது? எதிர்வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னேன். அந்த அக்கா முகவாய்க்கட்டையில் கை வைத்துக்கொண்டது.

"பெத்தவங்க ஒத்துகினப்புறம் எவளாவது ஒளிஞ்சி கட்டிப்பாளா? இன்னாவோ கீது, விசாரி" என்றது.

அதற்கப்புறம் என் மண்டை சும்மா இருக்குமா? பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்குமோ என்று நினைத்தேன். வேறு மாதிரியும் சந்தேகம் வந்தது. ஒரு வாரம் அவள் சாப்பிடுகிற தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், மாங்காய் கேட்கிறாளா என்று. கடைசியில் வாய் விட்டே கேட்டுவிட்டேன். விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். அந்தப் பிள்ளைக்கும் போன் போட்டுச் சொன்னாள், அவனும் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வீசிங் உண்டு. எங்கள் பக்கத்துக் காற்று அப்படி. காலையில் காயப்போட்ட வெள்ளை வேட்டியை மாலையில் தொட்டால் விரல் கறுப்பாகும். கொஞ்சம் புகை பட்டாலும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். மூத்த மகள் கல்யாணம் திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஏசி போட்டுக் கதவெல்லாம் அடைத்திருந்தார்கள். ஓமப் புகையும் சாம்பிராணியும் சேர்ந்ததில் எனக்கு இருமல் பிடித்தது பாருங்கள், மேளக்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சம்பந்தி வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். எதிர்வீட்டு அக்காதான் என்னை ஆட்டோவில் போட்டு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனது. அங்கே மூக்கில் மாஸ்க்கோடு நான் படுத்திருந்த நேரத்தில் என் மகளுக்குத் தாலி ஏறியது. அவள் பின்னலைத் தூக்கிப் பிடித்தது மாப்பிள்ளையின் சித்தி. அதை நான் வீடியோவில்தான் பார்த்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள், மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். சின்னவள் சுவரோரம் நின்று பையனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எங்கம்மாவ வெச்சிகினு மண்டபம்லாம் ஆகாதுடா. உங்க வூட்ல நீதான் பேசணும்" என்று தெளிவாகக் காதில் விழுந்தது.

துணியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அதுதானா சங்கதி? நாலு பேர் முன்னால் நான் இருமி மானத்தை வாங்கிவிடுவேன் என்று என்னை மறைக்கத்தான் காடா? மிஷினில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். பெற்று வளர்த்த பெண் நம்மைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று தெரிந்தால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அதிலிருந்து அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அவளும் பையனும் லீவு கிடைக்கும்போதெல்லாம் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து இடம் பார்க்கப் போனார்கள். பெரிய அருவிக்கரையில் கேட்டதற்கு, காட்டுக்குள் கல்யாணம் எல்லாம் கூடாது என்று வனத்துறையில் சொல்லிவிட்டார்களாம். அப்புறம் ஆந்திரா எல்லை தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு கிடைத்தது. தோப்பின் கடைசியில் ஓடை, சின்னதாக ஓர் அருவி. எனக்கு வந்து வந்து படம் காட்டுவாள். நான் பாராமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பேன். அவளுடைய முகூர்த்த ஜாக்கெட்டை மட்டும் தைத்தேன், அதுவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பொங்கல் முடிந்ததும் சொல்லிவிட்டேன். "நீங்கள்லாம் போய்ட்டு வாங்க. நான் வூட்ட பாத்துக்கிறேன். எனக்குத்தான் இருமலாச்சே."

அவள் முகம் செத்துப்போனது. "நீ வர்லன்னா கல்யாணமே இல்ல. நான் சொம்மா சொல்லல" என்று எழுந்து போய்விட்டாள். என்னை ஒளிக்கப் பார்க்கிறவள் நான் வராவிட்டால் ஏன் கல்யாணத்தையே நிறுத்துகிறாள்? எனக்கு இருந்த குழப்பம் இன்னும் இரண்டு மடங்கானது.

எப்படியோ, வேனில் ஏறிவிட்டேன். எங்கள் வீட்டில் ஐந்து பேர், அவர்கள் வீட்டில் ஐந்து பேர். மீஞ்சூர் தாண்டி, கும்மிடிப்பூண்டி தாண்டி வேன் போயிற்று. ஜன்னலோரம் இன்ஹேலரைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் வந்தேன்.

தோப்பில் இறங்கினதும் பெண்ணை அலங்காரம் செய்ய அங்கிருந்த ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். நான் மெல்ல ஓடைப் பக்கம் நடந்தேன். நடைபாதையில் கொஞ்ச தூரம் விட்டுக் கொஞ்ச தூரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. யார் உட்கார என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் மாஞ்சருகு இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. எனக்கு ஏற்கெனவே கடுப்பு. தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர் எதிரே வந்தார், பிடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க, கல்யாணம் நடக்கிற எடத்துல இம்மாம் கலீஜா கீது? ஒரு குச்சி கிழிச்சிப் போட்டிருந்தா எரிஞ்சி போயிருக்குமே!"

"நான் என்ன செய்யறதும்மா" என்றார் அவர், தெலுங்கு கலந்த தமிழில். "கல்யாணப் பொண்ணு சருகு கொளுத்தவே கூடாதுன்னு சொல்லிடுச்சு. வரும்போதெல்லாம் சொல்லிச்சு. அடுப்பு கூட காத்து அந்தாண்ட போற பக்கமாத்தான் மூட்டியிருக்கோம். அவங்க அம்மாவுக்கு புகை ஆகாதாம், மூச்சு வாங்குமாம். உக்காந்து உக்காந்து வரணும்னு இந்த சேரெல்லாம் அவங்களுக்குத்தான். அந்தம்மா வந்துட்டாங்களா?"

பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன். வேனை விட்டு இறங்கியதிலிருந்து நான் ஒரு தடவைகூட இருமவில்லை. இன்ஹேலர் எப்போது கையை விட்டுப் பைக்குள் போனது என்றுகூட ஞாபகமில்லை.

நேரே அந்த அறைக்குப் போனேன். என் மகள் நான் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

எதை என்று அவள் கேட்கவில்லை. "சொன்னா நீ இன்னா சொல்லியிருப்ப? எனுக்காக ஊர் சாப்பாட்ட கெடுக்காத, நான் வெளிய குந்திக்கிறேன், நீ மண்டபத்துலயே கட்டிக்கோன்னு சொல்லியிருப்ப. அக்கா அன்னிக்கு மேடைல உன்னத் தேடிகினே இருந்தா. எனுக்கு அப்டி ஆவ வேணாம்."

மூத்தவள் அங்கேதான் நின்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அத்தனை நாள் இந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை.

"ரொம்பப் பெருமப்பட்டுக்காத" என்றாள் சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனுக்கும் மேடைல பொம்ம மாதிரி நிக்கப் புடிக்காது."

ஓமம் இல்லை, ஊதுபத்தி இல்லை, கற்பூரம்கூட இல்லை. பையனின் பெரியப்பா தாலியை எடுத்துக் கொடுத்தார். அருவி சத்தத்தில் அவர் சொன்ன வாழ்த்து ஒன்றும் காதில் விழவில்லை. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கியதும் என் மகள் திரும்பி, "எம்மா, பின்னலத் தூக்கிப் புடி" என்றாள். பிடித்தேன். அந்தக் கனத்த பின்னலையும் பூவையும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மூன்று முடிச்சு விழுவதையும் கண்ணுக்கு ஒரு முழம் தூரத்தில் பார்த்தேன். அழுகையில் மூச்சு முட்டியதே தவிர, வீசிங்கில் முட்டவில்லை.

வீட்டுக்கு வந்து இறங்கியபோது எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே நின்றது. "ஓடிப்போனவங்க வந்துட்டாங்கப்பா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தி, ஆரத்தித் தட்டை எடுத்து வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவிலேயே ஷாமியானா போட்டு எல்லாருக்கும் பிரியாணி போட்டோம். அதற்கும் என் வீட்டுக்காரர் லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்தார்.

ஊரைக் கூட்டாமல் ஒரு கல்யாணம் சரியா, தப்பா என்று கேட்டால் எனக்கு இன்னும் குழப்பம்தான். அவள் எனக்காகத்தான் காட்டுக்குப் போனாளா, தனக்காகவே போனாளா என்பதும் முழுசாகத் தெரியாது. ஆனால் எங்கள் தெருமுனையில் யாராவது குப்பையைக் கூட்டி நெருப்பு வைத்தால், இருமல் வருவதற்கு முன்னால் எனக்கு என் மகள் ஞாபகம் வந்துவிடுகிறது.